சபுரா, தாராவி

தாராவியில் தைத்த பை என்று சொல்லி யாரும் பை வாங்கியதில்லை. தாராவியில் தைத்ததை இத்தாலி என்று நம்பி வாங்கியவர்கள்தான் அதிகம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறையில் தோல் வெட்டுகிற எனக்கு இது தெரியாதா? எங்கள் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய லேபிள் கிடக்கும். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். ஆர்டர் கொடுத்தவன் எதைத் தைக்கச் சொல்கிறானோ அதைத் தைப்போம். அந்த டின்னில் எங்கள் பெயர் மட்டும் கிடையாது. இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் கிடையாது. தோன்றியது சபுராவுக்கு.

சபுரா என் முதலாளி. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். பூர்வீகம் காயல்பட்டினம் என்றாலும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில்தான். அவளுடைய வாப்பாவிடம்தான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது வாப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டார். பட்டறையை யாருக்காவது கைமாற்றி விடுவார்கள், நாம் வடாலாப் பக்கம் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவள், அவர்கள் குடியிருந்த மேல் பரணிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்தாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வாப்பாவின் மிஷினில் உட்கார்ந்தாள். அது வாசலைப் பார்த்த மிஷின். பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டலாம், கொக்கி மாட்டலாம். வாசல் மிஷினில் உட்காருவது அன்றைக்குச் சந்தில் நடக்காத காரியம்.

தோல் மண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆம்பள யாரும் இல்லையா?" என்றார்.

"பாண்டியண்ணன் இருக்காவ," என்று என்னைக் காட்டினாள். "ஆனா அவுகளுக்குத் தைக்கத் தெரியாது. என்ன பேசணுமோ எங்கிட்டப் பேசுங்க."

கையில் தோல் வெட்டுகிற உளியோடு நின்ற எனக்கு மானம் போயிற்று. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. செல்லப்பாண்டிக்கு வெட்டத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு அப்புறம் மிஷினை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவள் மாப்பிள்ளையை விட்டாள். சந்து பேசியது, பேசிப் பேசி ஓய்ந்தது. சபுராவோடு வாயைக் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் சந்தில் இல்லை. நான் தினமும் தோற்கிறவன், அதனால் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரே தம்பி, அப்ரார். பதினோரு வயது இளையவன், அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிறவன். பட்டறைக்கு ஆகாத உடம்பு அவனுக்கு. ஆறு அடி இரண்டு அங்குலம். நிமிர்ந்தால் பரணில் தலை முட்டும், குனிந்தால் மிஷினில் முட்டும். கொலாபாப் பக்கம் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தில் படகு கழுவுகிற வேலைக்குப் போனான். ஒருநாள் ஒரு பையனோடு படகில் போக வேண்டிய கூட்டாளி வரவில்லை. உயரமாக, ஒல்லியாக ஒருத்தன் வேண்டும் என்று இவனை ஏற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். போனவன் மனசு அதற்கப்புறம் கரை இறங்கவே இல்லை.

அது இரண்டு பேர் ஓட்டுகிற சின்னப் படகு. ஒருவன் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பான். இன்னொருவன் முன்பாயைப் பார்த்துக்கொள்வான். காற்று அடித்துப் படகு சாய்ந்தால் அதை நிமிர்த்த அவன்தான் எடை. பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பி தொங்கும். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டு நிற்பான். கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு நிற்பான். அப்ரார் வேலை அதுதான். சுக்கான் பிடிக்கிறவன் அன்றைக்குக் கூட்டாளி வராமல் நின்ற அந்தப் பையன், வானமாமலை, மாட்டுங்காக்காரன், பேங்க் ஆபீசர் வீட்டுப் பிள்ளை. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில் பாலம்தான் இருக்கிறது, இருபது நிமிஷ நடை. ஆனால் இந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கடலுக்குள் போக வேண்டியிருந்தது.

ஆறு வருஷம் ஓட்டினார்கள். பேப்பரில் போட்டோ வரும். கீழே வானமாமலை பெயர் இருக்கும், அப்ராருக்கு "கூட்டாளி" என்று இருக்கும். சபுரா அந்தப் பேப்பரை வெட்டி வைக்க மாட்டாள். "பேரு இல்லாத பேப்பர் எனக்கு எதுக்கு? சமோசா மடிக்கட்டும்" என்பாள்.

ஒருநாள் பயிற்சியில் அப்ராரின் பெல்ட் அறுந்து அவன் கடலில் விழுந்தான். அது வெளிநாட்டுச் சாமான், நல்ல பேர் பெற்ற கம்பெனி. சபுரா அதை மேஜையில் கவிழ்த்துப் போட்டு, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பார்க்க அது ஒரு தூளி மாதிரி இருந்தது. இடுப்பையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கிற துணி, தோளுக்கு இரண்டு பட்டை, தொப்புளுக்கு நேரே ஒரு இரும்புக் கொக்கி.

"இதத் தெச்சவன் ஆள அளக்கல, பாண்டியண்ணே," என்றாள். "கட்டையா குண்டா இருக்க ஒருத்தனுக்குத் தெச்சத இவன் மாட்டிக்கிட்டுத் திரியுதான். இழுப்பு பூரா ஒரே இடத்துல விழுவுது. அறுக்காம என்ன செய்யும்?"

"நமக்கு எதுக்கும்மா இந்த வேல? நாம பை தெக்கிறவங்க."

"பைக்குள்ள சாமான் இருக்கும். இதுக்குள்ள எந்தம்பி இருப்பான். அவ்வளவுதானே வித்தியாசம்?"

முரட்டு நைலான் பட்டையும் கேன்வாஸும் வந்தன. அப்ராரை நிறுத்தி, உட்காரவைத்து, படுக்கவைத்து அளந்தாள். தைத்ததைச் சோதிக்க எங்கள் சந்தையே கடலாக்கினாள். மாடியின் இரும்பு கர்டரில் கயிறு கட்டி, கொக்கியை மாட்டி, எதிர்வீட்டுச் சுவரில் காலை ஊன்றி அப்ரார் அந்தரத்தில் படுத்தான். தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்கள் அவன் முதுகுக்குக் கீழே குனிந்து போனார்கள். ஒருத்தன் போகிற போக்கில் அவன் வயிற்றில் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனான். சந்தே சிரித்தது. சபுரா சிரிக்கவில்லை. கீழே நின்று, "எங்க வலிக்கு? எங்க இழுக்கு?" என்று கேட்டுக்கொண்டே சாக்பீஸால் கோடு போட்டாள். மூன்று பெல்ட்டைப் பிரித்து எறிந்து நாலாவதில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது.

நாலாவதில் என் கைவேலையும் இருந்தது. முதுகில் படுகிற இடத்தில் நைலான் உறுத்துமே என்று, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, மெத்தென்ற வெள்ளாட்டுத் தோலில் ஒரு திண்டு வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையை நான் தோளில் தூக்கிச் சுமந்திருக்கிறேன். என்னால் ஆனது.

அந்தப் பெல்ட்டோடு எட்டு மாதம் ஓட்டினார்கள். வெளிநாட்டில் நடக்கிற பெரிய விளையாட்டுத் திருவிழாவுக்கு, ஆண்கள் இருவர் படகுப் போட்டிக்கு, நம் நாட்டிலிருந்து இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திருவிழாவில் ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று எல்லாம் உண்டாம். எங்கள் சந்துக்கு இது ஒன்றுதான் உண்டு.

கிளம்பும் முன் அவர்களுடைய கோச் பட்டறைக்கு வந்தார். நல்ல மனிதர். வடக்கத்திக்காரர். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார், மெச்சினார். பிறகு குரலைத் தாழ்த்தி இந்தியில் ஒரு யோசனை சொன்னார். கம்பெனிப் பெயர் இல்லாத சாமானைப் பார்த்தால் அங்கே சோதிக்கிறவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள், அந்தப் பழைய பெல்ட்டில் இருந்த வெளிநாட்டு லேபிளை இதில் தைத்துவிடுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. வாழ்நாள் பூராவும் செய்கிற வேலை. அந்தப் பழைய லேபிளும் டின்னில்தான் கிடந்தது; நான் டின்னை எடுக்கக் கை நீட்டிவிட்டேன்.

"டின்ன வைங்க," என்றாள் சபுரா. கோச்சைப் பார்த்து இந்தியில் பேசினாள். சுருக்கமாகத் தமிழில் சொன்னால் இதுதான்: "இருபது வருஷமா அடுத்தவன் பேரத் தெச்சாச்சு. அது வயித்துக்கு. இது எந்தம்பி உசுரத் தாங்குத சாமான். இதுல எவன் பேரும் வராது. லேபிள் இல்லன்னாத்தான கேள்வி? லேபிள் போடுதேன்."

அன்றைக்கே பித்தளை அச்சு செய்யச் சொல்லி, கெட்டி மாட்டுத்தோலில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள்: சபுரா, தாராவி. உள்ளங்கை அகலத் துண்டு. முதுகுப்பக்கம் வெளியே, நடு மத்தியில், நாலு ஓரமும் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள். தாராவி என்று போட்டால் டூப்ளிகேட் என்பார்களே என்று நான் சொன்னதற்கு, "சொல்லட்டும். சொல்லுதவன் கம்பியில தொங்கிப் பாக்கட்டும்" என்றாள். எனக்கு உள்ளூரப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். பெல்ட்டின் எடை இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி. அப்ரார் அந்தத் தாளை அனுப்பியிருந்தான். நான் இரண்டு கிலோ என்கிற எண்ணைப் பார்த்தேன், மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோதான். தாளில் அந்த எண்ணுக்குக் கீழே நாலு வரி இருந்தது. அதை நானும் படிக்கவில்லை, சபுராவும் படிக்கவில்லை; இங்கே நடந்த போட்டிகளில் யாரும் நிறுத்துப் பார்க்காததால் கோச்சுக்கும் அது தோன்றவில்லை. பெல்ட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு நிமிஷம் வடியவிட்டு, அப்புறம்தான் எடை பார்ப்பார்கள் என்பது அந்த நாலு வரி. தோல்காரன் புத்திக்கு இது எப்படி எட்டும்? மழைக்காலத்தில் நாங்கள் நனைவோம், சரக்கை நனைய விட மாட்டோம். தைத்து முடித்த சாமானைத் தண்ணீரில் முக்குவது என்பது எங்கள் கனவிலும் வராத கெட்ட காரியம். வெள்ளாட்டுத் தோலும் ஸ்பாஞ்சும் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

போட்டிக்கு முந்தின நாள், மத்தியானம், பட்டறையில் சபுராவின் போன் அடித்தது. வீடியோவில் அப்ரார். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொக்கித் தராசு, வெள்ளைச் சட்டைக்காரர்கள்.

"லாத்தா, வெயிட்டு ஜாஸ்தியாம். நூத்தி நாப்பது கிராம்."

"தராசு தப்பா இருக்கும்ல," என்றேன் நான்.

"நனைச்சுப் பாத்தாங்க மாமா."

சபுரா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கோச்சின் முகம் திரைக்குள் வந்தது. சோதனை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இரண்டே வழி என்றார். இன்னொரு நாட்டு அணியிடம் கம்பெனி பெல்ட் ஒன்று இரவல் கிடைக்கும், ஆனால் அது அப்ராருக்குத் தொளதொளக்கும். இல்லையென்றால் இதிலேயே எடையைக் குறைக்க வேண்டும். முதுகில் இருக்கிற அந்தக் கெட்டித் தோல் துண்டை, பெயர்த் துண்டை, பிரித்து எடுத்துவிட்டுப் பட்டைகளின் வால்களைக் கொஞ்சம் நறுக்கினால் சரியாகிவிடும்.

பட்டறையில் மூன்று மிஷினும் நின்றுபோயின. சபுரா போனை மிஷினில் சாய்த்து வைத்தாள். அச்சு அடித்த நாளிலிருந்து அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். அது போய்விட்டது.

"எடுத்துருல," என்றாள். "பேர எடுத்துரு. ஒன் முதுகுதான் முக்கியம். பேரு என்ன, அடுத்த தடவ போட்டுக்கிடலாம்."

"எடுக்க மாட்டேன் லாத்தா."

"ஏல, சொல்லுதேன்ல!"

"அடுத்த தடவன்னு ஒண்ணு நமக்கு உண்டா?" என்றான் அப்ரார். "ஆறு வருஷமா பேப்பர்ல எம்பேரு வரல. நான் கேட்டனா? இது ஒம் பேரு. இத எடுக்க மாட்டேன். பாண்டி மாமா வச்ச திண்ட எடுக்கேன். தண்ணி குடிக்கிறது அதுதான்."

"அத எடுத்தா நைலான் நேரா முதுகுல உரசும். பன்னெண்டு ரேஸுல. தோலு உரிஞ்சிரும்ல!"

"உரியட்டும். எந்தோலுதானே? ஒனக்குத் தோலு வேலன்னா புதுசா?"

சபுராவை வாயால் ஜெயித்தவர் சந்தில் யாரும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவள் தம்பி ஜெயித்தான். அவளிடம் படித்த பாடத்தை அவளுக்கே ஒப்பித்துவிட்டான். அவள் துப்பட்டாவால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு, "வானமாமல எங்க? அவன் கையில பிளேடக் குடு. நீ பெல்ட்ட இழுத்துப் பிடி" என்றாள்.

மாட்டுங்காப் பையன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். "எங்கேர்ந்து பிரிக்கணும்னு சொல்லுங்கோக்கா. நான் பட்டன் கூடத் தைச்சதில்லை."

"பரவால்லப்பா. திண்டோட மேல் ஓரத்துல முடிச்சு இருக்கும், கருப்பு நூலு. பிளேட நைலான் பக்கம் சாய்க்காத, தோலு பக்கம் சாய்ச்சுப் பிடி. ஒரு தையல் விட்டு ஒரு தையல் வெட்டு. வெட்டிட்டு இழு. ம்... அவசரப்படாத."

ஒரு தையல் விட்டு ஒரு தையல். நாற்பது நிமிஷம் அவள் சொல்லச் சொல்ல அவன் பிரித்தான். நான் வெட்டிக் கொடுத்த திண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, அந்த ஊர்த் தரையில் விழுந்தது. மறுபடி முக்கினார்கள், தொங்கவிட்டார்கள். ஒரு நிமிஷம். ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். வெள்ளைச் சட்டைக்காரர் தாளில் குறிப்பதற்கு முன்னால் பெல்ட்டைத் திருப்பி அந்தப் பெயரைப் படித்தார். என்ன கம்பெனி என்று கேட்டார் போலிருக்கிறது. அப்ரார் எங்களுக்குக் கேட்கும்படி, உரக்க, "எங்க அக்கா" என்றான். தமிழில்தான் சொன்னான். அவருக்கு என்ன புரிந்ததோ, எழுதிக்கொண்டார்.

ஆறு நாள், பன்னிரண்டு ரேஸ். டிவியில் காட்டவில்லை. போனில் ஒரு பட்டியல் வரும், அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாலாம் நாள் காற்று பேயாக அடித்து மூன்று படகு கவிழ்ந்ததாம். அன்றைக்கு இவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். சாயங்காலம் போன் வரும்போது அப்ரார் முகத்தை மட்டும் காட்டுவான்.

"முதுகு எப்படில இருக்கு?"

"முதுகு பின்னால இருக்கு லாத்தா. எனக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் ஐந்தாவது இடம். பதக்கம் மூன்று பேருக்குத்தான். எங்கள் சந்தில் பேச்சுக்குப் பஞ்சமா? "அஞ்சாவது வரதுக்கா சுவத்துல தொங்கினான்?" என்று ஒருத்தர் கேட்டார். "நீங்க கட்டிலேர்ந்து எறங்கி ஒண்ணாவது வாங்க பாப்போம்," என்று சபுரா அங்கேயே முடித்துவிட்டாள்.

அப்ரார் வந்து சேர்ந்த அன்று சட்டையைக் கழற்ற மறுத்தான். அவள் விடவில்லை. மிஷின் விளக்கடியில் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு திறந்தேன். இடுப்புக்கு மேலே, குறுக்கே, இரண்டு வரிசையாகத் தையல் அச்சு. கறுத்துப்போய், சில இடத்தில் பொருக்குத் தட்டி, நூல் ஓடிய இடம் நூல் ஓடியபடியே விழுந்திருந்தது. சபுரா விரலை வைத்து ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். தைத்த சரக்கைச் சோதிக்கும்போது அப்படித்தான் எண்ணுவாள்.

"அங்குலத்துக்கு ஆறு தையல், பாண்டியண்ணே," என்றாள். "ஒண்ணுகூட விட்டுப் போவல."

சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அப்ரார், "கூச்சமா இருக்கு, சட்டைய விடு" என்றான்.

மறுநாளே நான் ஒரு நீல டிரம் வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, வாய்வரை தண்ணீர் நிரப்பினேன். தோல் பட்டறையில் தண்ணீர் டிரம் வைத்த முதல் பைத்தியக்காரன் நான்தான்.

அடுத்த வாரம் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒருவர் சயான் பக்கமிருந்து வந்தார். நம் ஊர்க்காரர், திருச்செந்தூர் பக்கம். நாலாம் நாள் காற்றில் அறுகாத பெல்ட் என்று படகுச் சங்கங்களில் பேச்சாம். பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார். நான் டீ சொன்னேன். எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேஜையில் வைத்தார். லேபிள். "பேரு மட்டும் நம்ம கம்பெனி பேரு இருக்கட்டும்மா. தாராவின்னு போட்டா கஸ்டமர் யோசிப்பான்லா? ஒங்களுக்குத் தெரியாததா?"

சபுரா பரணைப் பார்த்து, "அப்ரார், கீழ வா" என்றாள். வந்தவனைத் திருப்பி நிறுத்தி, கேட்காமல் சட்டையைத் தூக்கினாள். பொருக்கு உதிர்ந்து தழும்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வரிசை மட்டும் அப்படியே இருந்தது.

"அந்தப் பேரு நிக்கணும்னு எந்தம்பி முதுகு பட்ட பாடு இது," என்றாள். "இது மேல ஒங்க லேபிளத் தெக்கச் சொல்லுதியளா?"

அவர் லேபிள் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீ வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. சபுரா மிஷினில் உட்கார்ந்து அறுந்த நூலைக் கோத்தாள். நான் அவருடைய டீயைக் குடித்துவிட்டு உளியை எடுத்தேன்.